மண் காத்த வெள்ளிக் காசுகள்

வெள்ளி இல்லாத தமிழர் இல்லம் அரிது. பிறந்த குழந்தைக்கு அரைஞாண், மணமகளுக்கு மெட்டியும் கொலுசும், பூசைக்குக் குங்குமச்சிமிழ் என வெள்ளி நம் வாழ்வின் ஒவ்வொரு படியிலும் துணை நிற்கின்றது. மாதுங்காவிலும், தாராவியிலும், செம்பூரிலும் குடியேறிய குடும்பங்கள் பலவற்றில், ஊரிலிருந்து வந்த பெட்டியின் அடியில் பாட்டியார் முடிந்து வைத்த பழைய வெள்ளி ரூபாய் இரண்டொன்று இன்றும் உறங்குவதுண்டு. 1835 முதல் வெளிவந்த அந்த ரூபாய் 11.66 கிராம் எடையுடையது. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940இல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947இல் நிக்கல் அதன் இடத்தைப் பிடித்தது. பழைய ரூபாயைச் செலவிடாது சேமித்து வைத்த நம் முன்னோரின் கணக்குப் பிழையானதன்று.

இவ்வாறு சேமிக்கும் வழக்கம் நேற்று முளைத்ததுமன்று. வங்கியும் இரும்புப் பெட்டியும் இல்லாத காலத்தில், தாராவியின் கும்பார்வாடாவில் குயவர் வனையும் பானை போன்றதொரு மண்பானையே மக்களின் கருவூலமாக இருந்தது. போர் வரும் என்ற அச்சம், கொள்ளையர் தொல்லை, நெடும்பயணம் ஆகிய இவற்றுள் ஏதேனும் ஒன்று நேரும்போது, காசுகளைப் பானையிலிட்டு வாய் கட்டி, மண்ணில் புதைத்து, அடையாளம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டுச் சென்றனர். திரும்பி வந்தவர் தம் காசைத் தோண்டி எடுத்துக்கொண்டனர். நமக்கு இன்று கிடைக்கும் புதையல்களோ பெரும்பாலும் திரும்பி வர இயலாதுபோனவர்கள் விட்டுச் சென்றவை. ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இச்செய்தியின் உருக்கத்தை விளக்க வேண்டுவதில்லை.

மும்பையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கிடைத்த பழைய வெள்ளிக் காசுகள் சிலவற்றை இக்கட்டுரையில் காண்போம். அவை கிடைத்த இடங்கள் நாம் விடுமுறை நாளில் சென்று வரத்தக்க தொலைவில் உள்ளன. அவற்றைக் கண்டபின், மண்ணில் காசு கிடைத்தால் நாம் செய்யத்தக்கது யாது என்பதையும் ஆராய்வோம்.

முதலில் நாம் வாழும் நகரையே எடுத்துக்கொள்வோம். இன்று ஒரே நகராக இணைந்து கிடக்கும் இந்நிலம் முன்னர்ப் பல தீவுகளாக இருந்தது என்பதை நேயர்கள் அறிவர். அந்த மும்பைத் தீவிலும் அதன் வடபாலுள்ள சாஷ்டித் தீவிலும் சிறு வெள்ளிக் காசுகள் கிடைத்துள்ளன. ஒரு புறம் மன்னன் தலை. மறுபுறம் படுத்திருக்கும் காளை. காளையைச் சுற்றி, தாய் தந்தையரின் திருவடியை நினைப்பவனும் மகேசுவரனின் பேரடியவனுமாகிய கிருஷ்ணராஜன் என்னும் பொருள்பட எழுத்துகள். இவன் 6ஆம் நூற்றாண்டில் ஆண்ட களச்சூரி மன்னன். எலிபெண்டாத் தீவிலும் இவனுடைய சிறு காசுகள் கிடைத்தமையால், அங்குள்ள பெருங்குகைக் கோயில் இவன் காலத்ததாகலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

இக்காசின் பெருமை மன்னனோடு முடியவில்லை. நாசிக்கை அடுத்த அஞ்சனேரியில் கிடைத்த, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த செப்பேடு ஒன்று, "கிருஷ்ணராஜ ரூபகம்" என்று இக்காசைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றது. மன்னன் மறைந்து நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் அவன் காசு சந்தையில் மதிக்கப்பட்டது என்பது இதனால் விளங்குகின்றது. அரசு மாறியது, வெள்ளியின் நாணயம் மாறவில்லை. நாணயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் அமைந்திருப்பது எத்துணைப் பொருத்தம்!

இனி வடக்கே செல்வோம். மாதுங்காவினரும் தாராவியினரும் மாதுங்கா ரோடு நிலையத்தில் ஏறலாம்; செம்பூர் அன்பர்கள் குர்லா வழியாகத் தாதரை அடைந்து மேற்கு இருப்புப்பாதைக்கு மாறலாம். விரார் செல்லும் வண்டியில், விராருக்கு முந்திய நிலையம் நாலாசோபாரா. நிலையத்தின் மேற்கே உள்ள சோபாரா என்னும் ஊரே பழைய சூர்ப்பாரகம். மேலைக்கடல் வாணிகத்தில் புகழ்பெற்ற துறைமுகம் அது. அசோகனின் பாறைக் கட்டளைத் துண்டும் அங்கே கிடைத்துள்ளது.

அவ்வூரில் "புருட் ராஜாவின் கோட்டை" என்று மக்கள் அழைத்து வந்த மேடு ஒன்று இருந்தது. 1882ஆம் ஆண்டில் பகவான்லால் இந்திராஜி என்னும் பேரறிஞர் அதனை அகழ்ந்து, அது ஒரு பௌத்தத் தூபி எனக் கண்டார். உள்ளே கற்பேழை, அதனுள் செம்புப் பேழை, அதனுள் வெள்ளிப் பேழை, இவ்வாறு ஒன்றனுள் ஒன்றாகச் சென்று இறுதியில் பொற்பேழை. அப்பொற்பேழையுள் இருந்தவையோ, புத்தர்பிரானின் திருவோடு என்று அடியார் போற்றிய மண்ணோட்டுச் சில்லுகள்! பொன்னினுள் மண்ணை வைத்துக் காத்த அப்பண்பாடு நெஞ்சை நெகிழ்விக்கின்றது. அப்பேழைகள் பின்னர் மும்பை ஆசியச் சங்கத்தின் பாதுகாப்பை அடைந்தன.

அப்பொருள்களோடு ஒரேயொரு சிறு வெள்ளிக் காசும் இருந்தது. அது சாதவாகன மன்னன் யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் காசு. தேய்மானம் சிறிதும் இல்லாதது. பல கை மாறித் தேயுமுன்னரே வைக்கப்பட்டது அது என்று அறிஞர் கொண்டனர். அதனால் அத்தூபியின் காலத்தை ஆராய்வதற்கு ஒரு பற்றுக்கோடு கிடைத்தது. இக்காசினை எவரேனும் தனியே எடுத்துச் சென்று கடைத்தெருவில் விற்றிருப்பின், அது இரண்டு கிராம் அளவினதாகிய வெள்ளித் துண்டு, அவ்வளவே. இருந்த இடத்தில் இருந்தமையால் அது வரலாற்றுக்குச் சாட்சியாயிற்று.

அடுத்து நாசிக். தாதரிலோ கல்யாணிலோ வண்டி ஏறி, கசாரா மலைப்பாதையைக் கடந்து நாசிக் ரோடு நிலையத்தில் இறங்க வேண்டும். கோதாவரியில் நீராடச் செல்லும் நம்மவர் பலர், நகருக்குத் தெற்கே மும்பை நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள பாண்டவலேணிக் குன்றை ஏறிப் பாராமலே திரும்பி விடுகின்றனர். அக்குன்றில் 24 குடைவரைகள் உள்ளன. அவற்றின் சுவர்களில் உள்ள கல்வெட்டுகள் காசு பேசும் கல்வெட்டுகள்.

நகபானன் என்னும் சகர் குல மன்னனின் மருமகன் உஷவதாதன், அங்குத் தங்கும் துறவியர்க்காக 3,000 கார்ஷாபணங்களை நெசவாளர் சங்கங்களிடம் முதலீடு செய்தான். அவற்றுள் 2,000 காசு நூற்றுக்குத் திங்கள் ஒன்றுக்கு ஒரு காசு வட்டி. முதலைத் தொடுதல் கூடாது. வட்டியை மட்டுமே எடுத்து, 20 துறவியர்க்கு ஆளுக்குப் பன்னிரண்டு காசு ஆடைக்காக அளிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நேயர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: ஆண்டு வட்டி 240, இருபது பேருக்குப் பன்னிரண்டு வீதம் அதுவும் 240. சீட்டும் வட்டியும் நன்கு அறிந்த நம் இல்லத்தரசியர் இக்கணக்கைப் பாராட்டாதிரார். சூர்ப்பாரகம் முதலிய ஊர்களில் இவன் வழிப்போக்கர் தங்க மனைகளும், கிணறும், சோலையும் அமைத்த செய்தியும் அக்குகையில் உண்டு.

இம்மன்னன் நகபானனின் வெள்ளிக் காசுகள் 1906இல் நாசிக் அருகே ஜோகல்தெம்பி என்னும் சிற்றூரில் புதையலாகக் கிடைத்தன. எண்ணிக்கை 13,250க்கும் மேல்! ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு கிராம் எனக் கொண்டால், எல்லாமாக 25 கிலோவுக்குக் குறையாத வெள்ளி. காசின் ஒரு பக்கம் மன்னனின் முகமும் கிரேக்க எழுத்தும். மறுபக்கம் பிராமியும் கரோஷ்டியும். மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வரும் வணிகர் எவரும் படித்தறிய வேண்டும் என்பதுபோல மூன்று எழுத்தில் ஒரே மன்னனின் பெயர்.

வியப்பு இனிமேல்தான் இருக்கின்றது. அவற்றுள் 9,000க்கு மேற்பட்ட காசுகளில், நகபானனின் முகத்தின் மீதே வேறொரு முத்திரை அழுத்தப்பட்டிருந்தது. மலைபோன்ற மூவளைவுக் குறி ஒரு பக்கம். உச்சயினிக் குறி எனப்படும் நான்கு வட்டக் குறி மறுபக்கம். இவற்றோடு கௌதமிபுத்திர சாதகர்ணியின் பெயர். வென்ற மன்னன், தோற்றவனின் காசை உருக்காமல் அதன் மீதே தன் முத்திரையைக் குத்திப் புழக்கத்தில் விட்டிருக்கிறான்! புது முத்திரையின் அடியில் பழைய முகத்தின் மூக்கும் நெற்றியும் இன்றும் தெரிகின்றன.

பாண்டவலேணியின் மூன்றாம் குடைவரையில் இவ்வரசனின் தாய் கௌதமி பலஸ்ரீ பொறித்த கல்வெட்டு, தன் மகன் க்ஷகராத குலத்தை வேரறுத்தான் எனக் கூறுகின்றது. நகபானன் பிறந்த குலம் அது. தாய் மகனைப் புகழ்வது இயல்புதானே என்று அக்கல்வெட்டை ஐயுறுவோர்க்கு, அவ்வூரின் அயலிலேயே மண்ணிலிருந்து எழுந்து வந்தன ஒன்பதாயிரம் வெள்ளிச் சாட்சிகள். அப்புதையல் அப்படியே ஒரு தட்டாரின் உலைக்குச் சென்றிருந்தால், சில நூறு கொலுசுகள் உருவாகியிருக்கும். இவ்வரலாறு ஆதாரமின்றி நின்றிருக்கும். ஐந்தாறு காசுகள் மட்டும் தப்பியிருந்தாலும் போதாது. முத்திரை குத்தியவை எத்தனை, குத்தாதவை எத்தனை என்ற விகிதம் முழுப் புதையலும் ஒன்றாகக் கிடைத்ததனாலேயே தெரிந்தது.

இச்சாதவாகனரோடு தமிழர்க்கு உள்ள தொடர்பு என்ன என்று நேயர்கள் வினவலாம். சிலப்பதிகாரம், சேரன் செங்குட்டுவன் வடதிசை சென்றபோது நட்புக் கொண்டு உதவியவர்களாக நூற்றுவர் கன்னரைக் கூறுகின்றது. சாதகர்ணி என்னும் பெயரின் தமிழாக்கமே நூற்றுவர் கன்னர் என அறிஞர் பலர் கொள்வர். ஆயினும் இலக்கியச் சான்றினும் நேரான சான்றொன்று வெள்ளிக் காசிலேயே இருக்கின்றது.

கௌதமிபுத்திரனின் மகன் புலுமாவியின் வெள்ளிக் காசில், முன்புறம் மன்னன் தலையைச் சுற்றிப் பிராகிருத மொழியில் அவன் பெயர் உள்ளது. பின்புறத்தில் அதே செய்தி மற்றொரு மொழியில் உள்ளது. அறிஞர்கள் அதனை "அரசனகு வாசிட்டி மகனகு திரு புலுமாவிகு" எனப் படித்தனர். வாசிட்டியின் மகனாகிய அரசன் திருப்புலுமாவியினுடையது என்பது பொருள். முன்புறத்தில் "புத" என்று இருப்பது பின்புறத்தில் "மகன்" என்றும், "சிரி" என்று இருப்பது "திரு" என்றும் நிற்கின்றன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி இதனைத் தமிழே என்றார். பொதுவானதொரு தென்னாட்டுத் திராவிட மொழி எனக் கூறுவாரும் உளர். எவ்வாறாயினும், நம் வீட்டில் நாள்தோறும் ஒலிக்கும் "மகன்" என்னும் சொல், 1,800 ஆண்டுகளுக்கு முன், மராட்டிய நிலத்தை ஆண்ட மன்னனின் வெள்ளிக் காசில் ஏறியிருந்தது என்பதைக் கேட்க நம் செவி இனிக்கின்றது. இந்நிலத்திற்கு நாம் வேலை தேடி வந்தவர்கள்தாம். ஆயினும் நம் மொழியின் உறவு நமக்கு முன்பே இங்கு வந்து விட்டது.

நம் தாயகத்திலும் இத்தகைய புதையல்கள் பல. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் 500க்கு மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒருசேரக் கிடைத்தன. கொங்கு நாட்டுக் கத்தாங்கண்ணியில் 1913இல் 233 கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய ரோமப் பேரரசர்களின் முகம் பொறித்த காசுகளைக் கொங்கு மண் ஏராளமாகத் தந்துள்ளது. போடிநாயக்கனூரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முத்திரை வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பாண்டியரின் மீன் குறியை அவற்றில் காணலாம். யவனர் பொன்னும் வெள்ளியும் கொண்டு வந்து மிளகு முதலிய சரக்குகளைப் பெற்றுச் சென்றனர் என்பதற்கு இப்பானைகள் சான்று பகர்கின்றன.

முற்காலத்தில் இவையெல்லாம் ஏர் உழும்போதும், கிணறு வெட்டும்போதும், கடைகால் தோண்டும்போதும் தற்செயலாகக் கிடைத்தவை. இப்போது உலோகம் காட்டும் கருவி வந்திருக்கின்றது. அதன் அடியிலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் மாறி மாறிப் பாய்ந்து காந்தப் புலத்தை உண்டாக்கும். மண்ணுக்குள் உலோகம் இருப்பின் அதில் சிறு மின்னோட்டம் எழுந்து, எதிர்ப்புலம் ஒன்றைத் திருப்பி அனுப்பும். கருவி ஒலி எழுப்பும். மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. ஆதலின் வெள்ளிக் காசு இக்கருவிக்கு எளிதில் அகப்படும். தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல்லே 1881இல், சுடப்பட்ட அமெரிக்கத் தலைவர் கார்பீல்டின் உடலில் குண்டிருந்த இடத்தைக் காண இத்தகைய கருவியைப் பயன்படுத்தினார். அன்று அது பலிக்கவில்லை.

இக்கருவி நன்மை செய்ததற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இங்கிலாந்தில் ஹாக்ஸ்ன் என்னும் ஊரில், 1992ஆம் ஆண்டு நவம்பரில், குடியானவர் ஒருவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேட அவர் நண்பர் கருவியோடு சென்றார். அகப்பட்டவை ரோமர் காலத்து வெள்ளிக் காசுகள். சிறிது எடுத்ததும் அவர் தோண்டுவதை நிறுத்தினார்; உரியவர்களுக்கு அறிவித்தார். தொல்லியலார் வந்து முறைப்படி அகழ்ந்தனர். 14,000க்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகளும் 500க்கு மேற்பட்ட பொற்காசுகளும், அவற்றை வைத்திருந்த மரப்பெட்டியின் தடயமும், அடுக்கிய முறையும் தெரியவந்தன. அவர்களுக்கு 17,50,000 பவுன் வெகுமதி கிடைத்தது. தேடிய சுத்தியலும் கிடைத்து, காசுகளோடு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தது. மண்வெட்டியைக் கீழே வைத்த அக்கணமே அப்புதையலைக் காத்தது.

நம் நாட்டில் சட்டம் என்ன கூறுகின்றது? 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டவர், அதன் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை எழுதி மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். தாராவியும் மாதுங்காவும் மும்பை நகர் மாவட்டத்தவை. செம்பூர் மும்பைப் புறநகர் மாவட்டத்தது. உரிமையாளர் எவரும் இலர் எனத் தெளிந்தபின், வேறு உடன்பாடு இல்லையாயின், கண்டவருக்கு நான்கில் மூன்று பங்கு. நிலத்துக்கு உடையவருக்கு ஒரு பங்கு. அரசே அப்புதையலை எடுத்துக்கொள்வதாயின், உலோகத்தின் மதிப்பும் அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும் தருதல் வேண்டும். அறிவியாது மறைத்தவரோ தம் பங்கை இழப்பதோடு, ஓராண்டு வரை சிறைக்கும் ஆளாகலாம். பாதுகாக்கப்பட்ட இடங்களில் உரிமம் இன்றித் தோண்டுதலை 1958ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. சோபாராத் தூபியும் பாண்டவலேணியும் அத்தகையன. நூறாண்டு கடந்த காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லுதலையும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கின்றது. அயல்நாட்டிலுள்ள உறவினருக்குப் பரிசாக அனுப்ப நினைப்போர் இதனை மனத்தில் கொள்க.

இச்சட்டங்களை இங்கு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இம்மாநகரில் மாடங்கள் எழும்போது கடைகால் தோண்டுவோர் யார்? கூலிக்கு உழைக்கும் ஏழை மக்கள். அவர்களுள் நம்மவரும் பலர். பசித்தவனிடம் வரலாற்றுப் பெருமை பேசுதல் எளிது. அவன் கையில் அகப்பட்ட வெள்ளியைக் கொடு என்று கேட்டல் எளிதன்று. ஆனால் நடப்பது என்ன? அஞ்சி மறைக்கும் தொழிலாளியிடம், அவன் அச்சத்தையே விலையாக்கி, கள்ள வாணிகர் அற்பத் தொகைக்குக் காசுகளை வாங்கிவிடுவர். ஊதியம் அவர்க்கு, குற்றம் இவனுக்கு. சட்டத்தின் வழி மெதுவானது என்பது உண்மை. ஆயினும் மூன்று பங்குக்கு உரியவன் எவன் எனின், கண்டெடுத்த அவனே. இச்செய்தியை எழுத்தறியாத உழைப்பாளி ஒருவருக்கு நம்முள் ஒருவர் எடுத்துச் சொல்லி, ஆட்சியருக்கு எழுத வேண்டிய விண்ணப்பத்தையும் எழுதிக் கொடுத்தால், அது அவருக்கும் வரலாற்றுக்கும் ஒருங்கே செய்யும் தொண்டாகும்.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். "கடைகால் தோண்டும்போது புதையல் கிடைத்தது, வெளியே சொல்ல அஞ்சுகிறோம், பாதி விலைக்குத் தருகிறோம்" என்று வீடு தேடி வரும் வஞ்சகர் உண்டு. முதலில் உண்மையான காசு ஒன்றைக் காட்டி, பின்னர்ப் பித்தளையையும் ஈயத்தையும் மூட்டையாகத் தந்து மறைவர். மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணம் ஒரு மாலைப்பொழுதில் பறிபோய்விடும். புதையலை விற்கிறேன் என்பவன் கள்வனாதல் வேண்டும். இல்லையேல் பொய்யனாதல் வேண்டும். இருவரிடமும் நமக்கு வாணிகம் ஆகாது.

மண்ணில் காசு தென்பட்டால் செய்யத்தக்கவை சிலவே. தோண்டுவதை நிறுத்துக. பானையை உடைக்காதீர். காசுகளைப் பங்கிட்டுப் பிரிக்காதீர். புளியிட்டுத் தேய்க்காதீர், படிந்த களிம்பும் ஒட்டிய மண்ணும்கூட ஆய்வாளர்க்குச் செய்தி சொல்லும். இடத்தைக் குறித்து வைத்து, ஆட்சியருக்கு எழுதுக.

விடுமுறை நாள்களில் நம் பிள்ளைகளைக் கோட்டைப் பகுதியிலுள்ள சத்ரபதி சிவாஜி மகராஜ் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுவோம். 1922இல் மக்களுக்குத் திறக்கப்பெற்ற அம்மாளிகையில் பழங்காசுகளைக் காணலாம். அடுத்த விடுமுறையில் சோபாரா. பின்னொரு நாள் நாசிக். புலுமாவியின் காசில் "மகன்" என்னும் சொல் இருப்பதை அவர்களுக்குச் சொல்லுவோம். தமிழெழுத்தைப் படிக்கத் தயங்கும் சிறுவர்க்கும், தம் தாய்மொழி இந்நிலத்தில் அயல்மொழியன்று என்ற எண்ணம் அன்று உள்ளத்தில் பதியும். அவ்வெண்ணத்தை நமக்குத் தந்தது, எவரோ ஒருவர் உலைக்கு அனுப்பாமல் விட்டு வைத்த இரண்டு கிராம் வெள்ளியே.